பழைய காருக்கு எண்ணெய் பூஸ்டர்: ஒரு மதிப்பீடு

பழைய கார்களைத் தேடி வாங்கி, பழுது நீக்கி, புதியவை போலாக்கி ஓட்டுவது அமெரிக்காவில் பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. 1960களில் வெளிவந்த செவ்ரலே, ஃபோர்டு, பாண்டியாக் வண்டிகளுக்கு இன்றும் அங்கே நல்ல மதிப்புண்டு. இவற்றைப் புதுப்பிப்போர் வண்ணம் பூசுவதோடு நின்றுவிடுவதில்லை. எஞ்சினைக் கூடுதல் ஆற்றல் தருவதாக மாற்றுகிறார்கள். பிறகு அந்த எஞ்சினுக்கு ஈடுகொடுக்கும்படி பிரேக்கையும் மாற்றுகிறார்கள். அத்தகைய மாற்றங்களுள் ஒன்றே இக்கட்டுரையின் பொருள். தொழிற்சாலை பொருத்தித் தந்த வெற்றிட பூஸ்டரைக் கழற்றிவிட்டு, பவர் ஸ்டீயரிங் பம்பின் எண்ணெயால் இயங்கும் பூஸ்டரை அதன் இடத்தில் அமர்த்துவதுதான் அம்மாற்றம்.

இதைச் செய்து முடித்தவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்துக்காக இதைப் புகழ்கிறார்கள். மிதி மிக இலேசாகிவிட்டதாம். கட்டைவிரலால் தொட்டாலே வண்டி நின்றுவிடுகிறதாம். மிதி இலேசாகிவிட்டது என்பது உண்மையே. ஆனால் பிரேக்கை மதிப்பிட அது சரியான அளவுகோல்தானா என்பதைப் பார்க்க வேண்டும்.

முதலில் பழைய பூஸ்டரின் வேலையைத் தெரிந்துகொள்வோம். பிரேக் மிதிக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே, பெரிய வாணலிகள் இரண்டை வாயோடு வாய் வைத்து மூடியது போன்ற தகரக் கலம் ஒன்று இருக்கும். அதனுள்ளே ஒரு ரப்பர் சவ்வு. எஞ்சின் ஓடும்போது அதன் சிலிண்டர்கள் காற்றை உறிஞ்சுகின்றன. அந்த உறிஞ்சு குழாயிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் பூஸ்டருக்கு வருவதால் சவ்வின் இருபுறமும் காற்றழுத்தம் குறைந்திருக்கும். மிதியை அழுத்தினால் ஒரு சிறிய வால்வு திறந்து, சவ்வின் ஓட்டுநர் பக்கத்தில் மட்டும் வெளிக்காற்றை உள்ளே விடும். சவ்வை முன்னோக்கித் தள்ளுவது அந்த வெளிக்காற்றே. வெற்றிடம் இழுக்கிறது என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், உண்மையில் தள்ளுவது நம்மைச் சூழ்ந்துள்ள வளிமண்டலம்தான். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வர் நகரில் இந்த பூஸ்டரின் உதவி சற்றுக் குறைவதற்குக் காரணமும் இதுவே.

இனி ஒரு சிறு கணக்கு. நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் எஞ்சின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது, உறிஞ்சு குழாயில் சுமார் 45 செ.மீ. பாதரச அளவுக்கு வெற்றிடம் இருக்கும். சதுர செ.மீ.க்கு 0.6 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட அழுத்த வேறுபாடு இது. சவ்வின் குறுக்களவு 28 செ.மீ. எனில் அதன் பரப்பு ஏறக்குறைய 616 சதுர செ.மீ. இரண்டையும் பெருக்கினால் சுமார் 370 கிலோ விசை கிடைக்கிறது. வெறும் காற்றைக்கொண்டு இவ்வளவு விசையைப் பெற்றுவிடும் இந்த எளிய தகரக் கலத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பல கோடி வண்டிகளில் பல பத்தாண்டுகளாக அது குறையின்றி உழைத்திருக்கிறது.

எஞ்சினில் கை வைத்ததும் சிக்கல் தொடங்குகிறது. கூடுதல் ஆற்றல் பெறுவதற்காக வால்வுகளை நெடுநேரம் திறந்து வைக்கும் கேம் ஷாஃப்டைப் பொருத்துகிறார்கள். அவ்வாறு செய்தால் காற்று வரும் வால்வும் புகை போகும் வால்வும் சிறிது நேரம் ஒருசேரத் திறந்திருக்கும். எஞ்சின் விரைந்து சுழலும்போது இதனால் நன்மையே. மெதுவாகச் சுழலும்போதோ, புகையில் ஒரு பகுதி பின்வாங்கி உறிஞ்சு குழாய்க்கே வந்துவிடுகிறது. வெற்றிடம் 25 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடுவதும் உண்டு. மேற்சொன்ன அதே பூஸ்டர் இப்போது 210 கிலோ அளவே தரும். அகலமான எஞ்சினுக்கு இடம் விடுவதற்காக 20 செ.மீ. பூஸ்டருக்கு மாறியிருந்தால் அது 107 கிலோவாக இறங்கும். நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வெற்றிடம் மீண்டும் கூடிவிடுவதால் அங்கே குறை அவ்வளவாகத் தெரியாது. நகரத் தெருவில் நின்று நின்று நகரும்போதும், பின்னோக்கிச் செலுத்தும்போதும்தான் மிதி கல்லாகிவிடுகிறது.

டீசல் எஞ்சினில் இந்தச் சிக்கல் பிறப்பிலேயே உண்டு. அதில் காற்றின் வழியை மூடித் திறக்கும் தகடு ஆற்றலைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே உறிஞ்சு குழாயில் போதிய வெற்றிடம் உண்டாவதில்லை. டர்போ பொருத்திய எஞ்சினிலோ, ஆற்றல் கூடும் வேளையில் அக்குழாயில் வளிமண்டலத்தைவிட மிகுந்த அழுத்தமே நிலவும்.

இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்றுதான் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1970களில் அறிமுகப்படுத்திய ஹைட்ரோ-பூஸ்ட். எஞ்சினின் பெல்ட்டால் சுழலும் ஸ்டீயரிங் பம்பு ஏற்கெனவே வண்டியில் இருக்கிறது. அதன் எண்ணெயையே பிரேக்குக்கும் பயன்படுத்தினால் என்ன என்பதே அதன் அடிப்படைக் கருத்து. கனரக பிக்கப் வண்டிகளில் அது நிலைபெற்றுவிட்டது. 1996ஆம் ஆண்டு மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. காரில் புதிய 4.6 லிட்டர் எஞ்சின் அகன்று அமைந்ததால், பெரிய வெற்றிடக் கலத்துக்கு இடமில்லாமல் போயிற்று. அங்கும் எண்ணெய் பூஸ்டரே வந்தது. இன்று பழைய கார்களில் பொருத்தப்படும் பூஸ்டர்களில் பல, இத்தகைய வண்டிகளிலிருந்து பழைய இரும்புக் கிடங்குகளில் கழற்றி எடுத்தவையே.

இதன் அமைப்பு அழகானது. பம்பிலிருந்து புறப்படும் எண்ணெய் முதலில் பூஸ்டருக்கு வருகிறது. அங்கே நூல்கண்டின் வடிவில் இடையிடையே பள்ளம் வெட்டிய ஒரு வால்வு இருக்கிறது. மிதியைத் தொடாதபோது எண்ணெய் அதைத் தாண்டித் தடையின்றி ஸ்டீயரிங் பெட்டிக்குச் சென்று, பின்னர் தொட்டிக்குத் திரும்பிவிடும். மிதியை அழுத்தினால் வால்வு சற்றே நகர்ந்து வழியைக் குறுக்குகிறது. ஓடும் ஆற்றுக்குக் குறுக்கே அணை எழுப்பினால் நீர்மட்டம் உயர்வது போல, எண்ணெயின் அழுத்தம் உயர்ந்து ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்தப் பிஸ்டன் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது. காலின் அழுத்தம் கூடக் கூட வழி மேலும் குறுகும். ஆகவே உதவியும் காலுக்கு ஏற்ற அளவிலேயே கிடைக்கிறது.

சதுர செ.மீ.க்கு 70 கிலோ அழுத்தமும் 10 சதுர செ.மீ. பரப்புள்ள பிஸ்டனும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 700 கிலோ விசை கிடைக்கிறது. அந்தப் பிஸ்டனின் குறுக்களவு 3.6 செ.மீ.தான், ஓர் எலுமிச்சம்பழத்தின் அளவு. உணவுத் தட்டு அளவுள்ள சவ்வின் வேலையை அது எளிதாகச் செய்துவிடுகிறது. எஞ்சினின் வெற்றிடம் எப்படியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. டென்வரானாலும் கடற்கரையானாலும் ஒன்றே.

விற்பனையாளர்கள் சிலர் இங்கே ஒரு தந்திரம் செய்வதுண்டு. எண்ணெயின் அழுத்தத்தையும் வெற்றிடத்தின் அழுத்தத்தையும் அருகருகே எழுதிக் காட்டி, நூறு மடங்கு வலிமை என்ற எண்ணத்தை வாங்குவோர் மனத்தில் விதைக்கிறார்கள். அழுத்தம் வேறு, விசை வேறு என்பது பள்ளி மாணவருக்கும் தெரியும். பரப்பால் பெருக்கிய பின்னரே இரண்டையும் ஒப்பிட முடியும். அவ்வாறு ஒப்பிட்டால் வேறுபாடு இரு மடங்கு அளவில் வந்து நிற்கிறது. குறைந்த வெற்றிடமுள்ள வண்டியில் அது இன்னும் கூடும். இதுவே போதிய நன்மைதான். மிகைப்படுத்த வேண்டிய தேவையே இல்லை.

பூஸ்டரால் ஆகாதது

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். பூஸ்டர் வண்டியை நிறுத்துகிறதா? இல்லை. ஓட்டுநரின் காலுக்கு அது உதவுகிறது, அவ்வளவே. வண்டியை நிறுத்துவன டிரம்மிலும் டிஸ்கிலும் உராயும் பிரேக் கட்டைகள். அதற்கும் மேலாக, சாலையைப் பற்றும் நான்கு டயர்கள்.

1,700 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 6,56,000 ஜூல். வண்டி நிற்கும்போது இதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறியாக வேண்டும். இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது. அதுவும் சில விநாடிகளில்! மலைச்சரிவில் இறங்கும்போது திரும்பத் திரும்ப இவ்வாறு நேர்ந்தால் பழைய டிரம் பிரேக் சூடேறி, உராய்வு குறைந்து, பிடிமானத்தை இழக்கும். அந்த நிலையில் மேலும் வலிவாக அழுத்தும் வசதியை எண்ணெய் பூஸ்டர் தரும். ஆனால் டிரம்மிலிருந்து ஒரு கலோரி வெப்பத்தைக்கூட அது வெளியேற்றாது. டிரம்மை வைத்துக்கொண்டு பூஸ்டரை மட்டும் மாற்றுவோர் நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்து தேடுகிறார்கள்.

டயரின் கணக்கும் இப்படித்தான். சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்கு முன்பே அழுத்த முடிந்ததென்றால், அதற்கு மேல் எத்தனை கிலோ விசை சேர்த்தாலும் வண்டி ஒரு அடி முன்னதாக நிற்கப் போவதில்லை. மாறாக, தீங்கும் நேரலாம். பிரேக் போடும்போது வண்டியின் சுமை முன்பக்கம் சாய்கிறது. பின் சக்கரங்களின் பளு குறைகிறது. 1960களின் கார்களில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் மின்னணு அமைப்பு கிடையாது. பின் சக்கரங்களுக்குச் செல்லும் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வால்வைச் சரிசெய்யாமல் வலிய பூஸ்டரைப் பொருத்தினால், ஈரச் சாலையில் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும்; வண்டி பம்பரமாகச் சுழலும். மிதியைத் தொட்டாலே நிற்கிறது என்ற பெருமை அந்தக் கணத்தில் பயன்படாது.

உதவி நின்றுபோனால்

ஒரு பொறி நன்றாக வேலை செய்யும்போது அதைப் பாராட்டுவது எளிது. பிரேக்கைப் பொறுத்தவரை, அது பழுதாகும்போது மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. எஞ்சின் திடீரென நின்றுவிட்டாலோ, பெல்ட் அறுந்துவிட்டாலோ, குழாய் வெடித்து எண்ணெய் கொட்டிவிட்டாலோ என்ன நடக்கும்?

இதை ஹைட்ரோ-பூஸ்ட்டை வடிவமைத்தவர்கள் மறக்கவில்லை. பூஸ்டரோடு ஒரு சேமிப்புக் கலம் இணைந்திருக்கிறது. வலிய சுருள்வில்லையோ நைட்ரஜன் வாயுவையோ அமுக்கி, அழுத்தமேறிய எண்ணெயை அது சேர்த்து வைக்கிறது. பம்பு நின்ற பின்னும் இரண்டு மூன்று முறை உதவியோடு பிரேக் போடலாம். அதுவும் தீர்ந்த பின் மிதியின் தண்டு நேரடியாக மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும். எனவே பிரேக் அடியோடு போய்விடுவதில்லை. வெற்றிட பூஸ்டரிலும் ஒருவழி வால்வு ஒன்று சிறிது வெற்றிடத்தைக் காத்து வைக்கும்; எண்ணெய் பூஸ்டரின் சேமிப்பு அதற்குக் குறைந்ததன்று. இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஆனால் உதவியின்றித் தள்ளும் அந்தக் கடைசி நிலையில் எவ்வளவு பிரேக் கிடைக்கும்? இதைப் பழைய காரில் மாற்றம் செய்வோரில் சிலரே கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். பூஸ்டர் இல்லாத காரில் மிதி ஒரு நெம்புகோலாகக் காலின் விசையை ஏறக்குறைய 6 மடங்காக்கும். பூஸ்டர் உள்ள காரில் மிதியின் நெம்புகோல் 4 மடங்கு அளவிலேயே இருக்கும். மிச்சத்தைப் பூஸ்டர் பார்த்துக்கொள்ளும். மேலும், எண்ணெய் பூஸ்டரோடு பெரும்பாலும் 28.6 மி.மீ. துளையுள்ள பெரிய மாஸ்டர் சிலிண்டரைச் சேர்க்கிறார்கள். மிதி குறைந்த தொலைவே இறங்கும் என்பது அதன் நன்மை. ஒரே விசையைப் பெரிய பரப்பில் பரப்பினால் அழுத்தம் குறையும் என்பது அதன் விலை.

ஓட்டுநர் தம் காலால் 50 கிலோ விசை கொடுப்பதாகக் கொள்வோம். பூஸ்டரே இல்லாத காரில் 6 மடங்கு நெம்புகோலும் 25.4 மி.மீ. சிலிண்டரும் இருந்தால், பிரேக் குழாயில் சதுர செ.மீ.க்கு 59 கிலோ அழுத்தம் உண்டாகும். எண்ணெய் பூஸ்டர் பொருத்தி, அது உதவாத நிலையில், 4 மடங்கு நெம்புகோலும் 28.6 மி.மீ. சிலிண்டரும் தருவது 31 கிலோவே. ஏறக்குறைய பாதி! வேலை செய்யும்போது மிக இலேசான மிதி, வேலை செய்யாதபோது மிகக் கனமான மிதியாகிவிடுகிறது.

தொழிற்சாலையில் செய்யும் கார்களுக்கும் இதே நிலை உண்டே எனலாம். உண்டு. ஆனால் அவை சோதிக்கப்பட்டவை. அமெரிக்க மத்திய அரசின் 135ஆம் எண் பாதுகாப்புத் தரம், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் 70 மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்கிறது. அதோடு விடுவதில்லை. பூஸ்டரைச் செயலிழக்கச் செய்துவிட்டு மீண்டும் சோதிக்கிறது. 500 நியூட்டனுக்கு, அதாவது சுமார் 51 கிலோவுக்கு மேற்படாத கால் விசையில் அந்தக் கார் 168 மீட்டருக்குள் நிற்க வேண்டும். அறுபதாண்டுப் பழமையான காரில், ஒரு வண்டியின் பூஸ்டரையும், இன்னொன்றின் மாஸ்டர் சிலிண்டரையும், மூன்றாவதன் டிஸ்கையும் வீட்டுக் கொட்டகையில் ஒன்றுசேர்ப்பவருக்கு இந்தச் சோதனையை யார் செய்து காட்டுவார்? அவரே ஆளில்லாத திடலில் செய்து பார்த்தால்தான் உண்டு. பொருத்திய மறுநாளே குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் ஏறிவிடுவோரை எண்ணித்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொரு குறையும் அமைப்பிலேயே பொதிந்திருக்கிறது. வெற்றிட பூஸ்டர் உள்ள காரில் ஸ்டீயரிங் பம்பின் பெல்ட் அறுந்தால் ஸ்டீயரிங் மட்டுமே கனக்கும். எண்ணெய் பூஸ்டர் உள்ள காரில் அதே பெல்ட் அறுந்தால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் ஒருசேரக் கனக்கும். திருப்பவும் நிறுத்தவும் வேண்டிய அந்த ஒரே நெருக்கடியில் இரண்டு உதவிகளும் கைவிடுகின்றன. பெல்ட்டையும் குழாய்களையும் காலத்தில் மாற்றுவது இத்தகைய வண்டியில் பிரேக் கட்டைகளை மாற்றுவதற்கு நிகரான கடமையாகும்.

பொருத்தும் வேலையில் நேரும் பிழைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். முதலாவது, திரும்பும் எண்ணெயின் வழி. பூஸ்டரிலிருந்து ஒரு குழாயும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு குழாயும் தொட்டிக்குத் திரும்ப வேண்டும். பழைய தொட்டியில் ஒரு துளையே இருக்கும் என்பதால் இரண்டையும் மூன்று வாய்க் குழாயால் இணைத்துவிடுகிறார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது திரும்பும் எண்ணெயின் அழுத்தம் உயர்ந்து பூஸ்டருக்குள் பின்னோக்கி ஏறினால், யாரும் மிதிக்காமலே பிரேக் பற்றும். இரண்டு துளையுள்ள தொட்டியை வாங்குவதே முறை.

இரண்டாவது, இரு வகைத் திரவங்கள். ஸ்டீயரிங் எண்ணெய் பெட்ரோலியத்திலிருந்து வருவது. வழக்கமான பிரேக் திரவம் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. ஒன்றுக்குப் பொருந்தும் ரப்பர் மற்றதற்குப் பொருந்தாது. பிரேக் பக்கத்தில் கனிம எண்ணெய் சிறிது கலந்தாலும் ரப்பர் வளையங்கள் ஊதிப் பெருத்துவிடும். இரு திரவங்களும் ஒன்றுக்கொன்று மிக அருகே வந்து நிற்கும் இடம் மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேரும் முகம். அங்கே ஈரம் தெரிந்தால் எந்தத் திரவம் கசிகிறது என்று பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

அப்படியானால் இந்த மாற்றம் யாருக்குத் தகும்? டீசலோ டர்போவோ பொருத்தியவர்க்கும், வெற்றிடம் உண்மையிலேயே போதாதவர்க்கும், பெரிய கலத்துக்கு இடமில்லாதவர்க்கும் தகும். முதலில் வெற்றிடத்தை அளந்து பார்க்க வேண்டும். அதற்கான அளவி விலை மலிவானது. வெடித்த ரப்பர்க் குழாயும் பழுதான ஒருவழி வால்வுமே கல்போன்ற மிதிக்குக் காரணமாக இருப்பதும் உண்டு. அவற்றை மாற்ற ஆகும் செலவு எண்ணெய் பூஸ்டரின் விலையில் மிகச் சிறு பங்கே. தனி வெற்றிடப் பம்பும் ஒரு வழிதான். நம் நாட்டு டீசல் ஜீப்புகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் பின்புறம் ஒரு சிறு வெற்றிடப் பம்பு ஒட்டிக்கொண்டிருப்பதை மெக்கானிக்குகள் அறிவார்கள். சிறிய, எடை குறைந்த காராக இருந்தால், பூஸ்டரையே நீக்கிவிட்டு 6 மடங்கு மிதியும் சிறிய மாஸ்டர் சிலிண்டரும் டிஸ்க் பிரேக்கும் வைத்துக்கொள்வதையே நான் விரும்புவேன். பழுதாவதற்கு அங்கே பூஸ்டரே இல்லை.

பூஸ்டரை மாற்ற முற்படுவோர் மாஸ்டர் சிலிண்டரையும் திறந்து பார்ப்பது நல்லது. 1960களின் முற்பகுதி வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அறைதான். எங்காவது ஒரு குழாய் ஓட்டையானால் மொத்தப் பிரேக்கும் போய்விடும். முன்னும் பின்னும் பிரிந்த இரு வழி அமைப்பு அமெரிக்காவில் 1968இல்தான் கட்டாயமாயிற்று. ஒற்றை அறையை வைத்துக்கொண்டு அதன் பின்னால் 700 கிலோ விசையுள்ள பூஸ்டரைப் பொருத்துவதில் பொருளில்லை.

வெற்றிடம் போதாத சிக்கல் பழைய கார்களோடு முடிந்துவிடவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மின்சாரக் காரில் காற்றை உறிஞ்சும் எஞ்சினே கிடையாது. பாஷ் நிறுவனம் 2013இல் உற்பத்தியைத் தொடங்கிய ஐபூஸ்டர், மின் மோட்டாரைக்கொண்டு மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது. அங்கும் மின்சாரம் நின்றுபோனால் மிச்சம் என்ன என்று கேட்டாக வேண்டும்; அதிலும் மிதியின் தண்டு நேரே தள்ளும் வழி இருக்கிறது.

எண்ணெய் பூஸ்டரைப் பொருத்தி முடித்தவர்கள் செய்து பார்க்க வேண்டிய சோதனை எளிது. எஞ்சினை நிறுத்திவிட்டு, மிதி கெட்டிப்படும் வரை பலமுறை அழுத்திச் சேமிப்புக் கலத்தைக் காலி செய்ய வேண்டும். எண்ணெய்க் குழாய் எதையும் கழற்றுமுன்னும் இதைச் செய்தாக வேண்டும். இல்லையேல் அழுத்தமேறிய எண்ணெய் முகத்தில் பாயும். பின்னர் மிதியின் மேல் காலை வைத்து ஓரளவு அழுத்தியபடி எஞ்சினை இயக்கினால், மிதி சற்றுக் கீழே இறங்கி, உடனே காலை எதிர்த்துத் தள்ளும். அவ்வாறு தள்ளினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அடுத்து ஸ்டீயரிங்கை ஒருபுறம் முழுதும் திருப்பி ஐந்து விநாடிக்கு மிகாமல் பிடித்திருந்து, எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதன் பின் மிதியை அழுத்தும்போது இரண்டு மூன்று முறையேனும் அது இலேசாக இறங்க வேண்டும். முதல் அழுத்தத்திலேயே கல்லாக நின்றால் சேமிப்புக் கலம் தன் அழுத்தத்தைக் காக்கவில்லை என்று பொருள். அந்த வண்டியைத் தெருவுக்குக் கொண்டுபோகக் கூடாது.